சித்தப்பா பெயர் எங்கே?

கேள்வி: கோவையில் எங்கள் குடும்பம் மோட்டார் பம்ப் கம்பெனி நடத்துகிறது. அப்பாதான் நிர்வாக இயக்குநர். ஆவணியில் அவருக்கு மணிவிழா. அதற்குள் விக்கிப்பீடியாவில் அவரைப் பற்றி ஒரு பக்கம் வந்துவிட வேண்டும் என்று நானே ஆங்கிலத்தில் எழுதிப் போட்டேன். எங்கள் இணையதளம், ஒரு வணிக இதழில் வந்த பேட்டி, சென்ற ஆண்டு கிடைத்த தொழில்முனைவோர் விருது எல்லாவற்றையும் சான்றாகக் கொடுத்தேன். (அப்பாவும் சித்தப்பாவும் கணபதியில் வாடகைக் கொட்டகையில் பட்டறை தொடங்கியதைப் பற்றி 1993-ல் ஒரு நாளிதழில் செய்தி வந்தது. சித்தப்பா பெயரும் இருப்பதால் அதைச் சேர்க்கவில்லை.) ஒரு வாரம் விவாதித்துப் பக்கத்தை நீக்கிவிட்டார்கள். இப்போது ஒருவர் போன் செய்து, ஒன்றரை லட்சம் கொடுத்தால் மீட்டுத் தருகிறேன், யாரும் கைவைக்காமலும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். இருநூறு பேருக்கு வேலை கொடுக்கும் அப்பாவுக்குத் தகுதி இல்லையா? பணம் கொடுக்கலாமா?
– வாசகர், கோவை

பதில்: தம்பி, கேட்டதற்கு முதலில் பதில். இன்றைய நிலையில் உங்கள் அப்பாவுக்கு அந்தப் பக்கம் கிடையாது. நீக்கியவர்கள் சரியாகத்தான் நீக்கியிருக்கிறார்கள்.

இதே கேள்வியோடு எனக்குக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. மாமனாருக்கு வேண்டும் என்பார்கள், முதலாளிக்கு வேண்டும் என்பார்கள், சிலர் கூச்சப்பட்டுக்கொண்டே தமக்கு வேண்டும் என்பார்கள். இத்தனை பேருக்குச் சோறு போடுகிறார், இத்தனை கோடி வியாபாரம் என்று எல்லோரும் ஒரே மாதிரி வாதாடுகிறார்கள். அங்கே அந்தக் கணக்கு எடுபடாது. அவரோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர்கள் தாங்களாகவே முன்வந்து அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்களா, அதுவும் நம்பகமான சில இடங்களிலாவது எழுதியிருக்கிறார்களா என்றுதான் பார்ப்பார்கள். பெண் கொடுக்கப் போகிறவர்கள் பையனைப் பற்றிப் பையன் வீட்டிலா விசாரிப்பார்கள்? தெருமுனை மளிகைக் கடையில் அல்லவா கேட்பார்கள்!

நீங்கள் கொடுத்தது முழுக்கப் பையன் வீட்டுப் பேச்சு. இணையதளம் உங்களுடையது. பேட்டியில் பேசுகிறவர் அப்பாவே. விருது விழாவுக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை, விவாதத்தில் கேட்டிருப்பார்கள். கம்பெனிக்குப் பெயர் இருக்கிறதே என்றால், அது கம்பெனிக்கு வந்த பெயர். நடத்துகிறவர் கணக்கில் அதை வரவு வைக்க அவர்கள் ஒப்புவதில்லை.

இந்த விதி சில சமயம் கோணலாகவும் வெட்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். டோனா ஸ்ட்ரிக்லண்ட் 2018 அக்டோபரில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அவரைப் பற்றி எழுதிய வரைவு ஒன்றை அதே ஆண்டு மே மாதம்தான் சான்று போதாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். பக்கம் இல்லாத அந்த மாதங்களில் அவருடைய லேசர் ஆராய்ச்சி ஒன்றும் சிறுத்துவிடவில்லை.

இனி நான் கேட்கிறேன். அந்த 1993 செய்தியை ஏன் விட்டீர்கள்?

உங்களிடம் இருந்தவற்றில் வெளியார் ஒருவர் எழுதியது அது ஒன்றுதான். யாரோ ஒரு நிருபர் அந்தக் கொட்டகையைச் செய்தியாக்கத் தகும் என்று நினைத்து எழுதியது. அது ஒன்றால் மட்டும் பக்கம் பிழைத்திருக்காது, உண்மைதான். ஆனால் கையில் இருந்த ஒரே நல்ல சான்றை, அதில் உண்மை இருக்கிறது என்பதற்காகவே ஒளித்திருக்கிறீர்கள். அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் நான் கவனிக்க மாட்டேன் என்று நினைத்தீர்களா?

சித்தப்பா பங்கை வாங்கிக்கொண்டு போனாரா, சண்டை போட்டுக்கொண்டு போனாரா, நீங்கள் சொல்லவில்லை. எதுவானாலும் எனக்கு ஒன்றுதான். பாகம் பிரிந்தால் சொத்து பிரியும். கணபதிக் கொட்டகையில் அன்றைக்கு யார் யார் நின்றார்கள் என்பதை எந்தப் பாகப் பத்திரமும் மாற்றாது. உங்கள் ஊர் ஜி. டி. நாயுடுவையே பாருங்கள். 1937-ல் செய்த மின்மோட்டாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் டி. பாலசுந்தரம் பெயரையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் என்று தனியாகத் தொழில் நடத்தினார். அதற்காக மோட்டாரிலிருந்து அவர் பெயரை யாரும் எடுத்துவிடவில்லை. நாயுடுவின் பெருமையும் குறைந்துவிடவில்லை.

அப்பாவுக்குப் பெருமை தேடுவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கூடப் பிறந்தவன் பங்கைப் பிடுங்கித் தருகிற பெருமை எதற்கு? இதை அப்பா கேட்டாரா, நீங்களாகச் செய்தீர்களா? நீங்களாகச் செய்திருந்தால் இன்னும் மோசம். தம்பி பெயரை அண்ணன் விடுவதற்குப் பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கலாம். உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த சித்தப்பாவோடு உங்களுக்கு என்ன வழக்கு?

பக்கம் நீங்கியதே உங்கள் நல்ல காலம். நின்றிருந்தால் சித்தப்பா மகன் அதே செய்தியைச் சான்றாகக் காட்டி, தன் அப்பாவையும் நிறுவனர் என்று சேர்த்திருப்பான். விதிப்படி அவன் பக்கம்தான் நியாயம். நீங்கள் அழிப்பீர்கள், அவன் மறுபடி போடுவான். யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பது தேதி, நேரத்தோடு அங்கே பதிவாகிக் கிடக்கும். உங்கள் வீட்டுச் சண்டையைச் சரக்கெடுக்கும் வியாபாரிகள்கூடப் படித்திருப்பார்கள்.

போன் செய்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்களை எப்படிக் கண்டுபிடித்தான் என்று யோசித்தீர்களா? நீக்கல் விவாதங்கள் எல்லோர் பார்வைக்கும் திறந்து கிடக்கின்றன. அங்கே பார்த்துத்தான் வலை வீசுகிறார்கள். 2015-ல் 'ஆரஞ்சுமூடி' என்ற கும்பலை இப்படிப் பிடித்து, 381 கணக்குகளை முடக்கினார்கள். திருப்பி அனுப்பப்பட்ட வரைவுகளைத் தேடிப் பிடித்துப் பணம் வாங்குவதும், பக்கம் வந்தபின் அதைக் காப்பாற்ற மாதாமாதம் கேட்பதும்தான் அவர்கள் தொழில். கூலிக்கு எழுதுகிறவர் யார் கொடுத்த பணம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2014 முதல் விதி. இந்த ஆள் சொல்வானா? அது கிடக்கட்டும், நீங்கள் மகன் என்பதை எழுதும்போது சொன்னீர்களா?

ஒன்றரை லட்சத்தில் நல்ல தாளில் மணிவிழா மலர் ஒன்று போடலாம். பட்டறையில் முதலில் சேர்ந்த தொழிலாளிகளைத் தேடிப் பிடித்துப் பேசச் சொல்லி எழுதுங்கள். முதல் பக்கத்தில் அந்த 1993 செய்தியை ஒரு வரி வெட்டாமல் அப்படியே அச்சிடுங்கள். அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கோபித்துக்கொள்வார், நாலு நாள் பேசாமல்கூட இருப்பார், இருக்கட்டும். சித்தப்பாவுக்கு அழைப்பிதழைத் தபாலில் அனுப்பாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பவே அனுப்பாதீர்கள். அம்மாவை அழைத்துக்கொண்டு, தாம்பூலத் தட்டோடு நேரில் போங்கள்.