நினைவு நல்கையில் ஆய்வு: மாணவர்கள் கேட்டவை

மறைந்தவர்களின் பெயரால் ஆய்வுக்குத் தரப்படும் நல்கைகள், அதாவது கிராண்டுகள், பற்றிக் கல்லூரி மாணவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகள் இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துத் தேர்வு செய்யும் வேலையும் பார்த்திருக்கிறேன்.

ஸ்காலர்ஷிப்புக்கும் நல்கைக்கும் என்ன வித்தியாசம் சார்? (பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு, திருநெல்வேலி)

ஸ்காலர்ஷிப் உங்கள் படிப்புக்கு: ஃபீஸ், ஹாஸ்டல், புத்தகம். நல்கை உங்கள் ஆய்வுக் கேள்விக்கு: பஸ் செலவு, தங்குமிடம், கருவி. அதனால் ரூபாய்க்கு ரூபாய் கணக்குக் காட்ட வேண்டும்.

யார் நினைவாகத் தருகிறார்களோ, அவரைப் பற்றியும் படிக்க வேண்டுமா ஐயா?

கட்டாயம் படியுங்கள் அம்மா. இன்லாக்ஸ் அறக்கட்டளை ரவி சங்கரன் பெயரில் ஒரு நல்கைத் திட்டத்தை ஏற்படுத்தியது. கோவை ஆனைகட்டியில் உள்ள சலீம் அலி பறவையியல் மையத்தின் இயக்குநராக இருந்தவர். 2009 ஜனவரியில், நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் காலமானார். அந்தமானில் உழவாரன் என்னும் சிறு பறவையின் ஓர் இனம் குகைச் சுவரில் எச்சிலால் கூடு கட்டுகிறது. சூப்புக்காக அந்தக் கூடுகள் களவு போய்க்கொண்டிருந்தன. கூடு எடுத்தவர்களையே அவர் காவலர்களாக்கினார். குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்தால் பறவையும் பிழைக்கும், அவர்கள் பிழைப்பும் நடக்கும் என்பது அவர் வழி. இது தெரிந்தவர் தன் ஆய்வில் அந்த ஊர் மனிதர்களை மறந்துவிட்டு விண்ணப்பம் எழுத மாட்டார். பெயர் ஒரு அலங்காரம் அல்ல. எந்த மாதிரி வேலை தொடர வேண்டும் என்று அந்தக் குடும்பமும் நண்பர்களும் ஆசைப்படுகிறார்கள் என்பது அதில் இருக்கிறது.

மேற்குத் தொடர்ச்சி மலைத் தவளைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அமெரிக்க நினைவு நிதிகளுக்கு விண்ணப்பிக்கலாமா?

முதலில் எல்லையைப் பாருங்கள் தம்பி. நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நினைவு நிதிகளையே எடுத்துக்கொள்வோம். தியடோர் ரூஸ்வெல்ட் நிதி வட அமெரிக்க விலங்கினங்களுக்கு. பிராங்க் சாப்மன் நிதி பறவைகளுக்கு. லெர்னர்–கிரே நிதி கடல் ஆய்வுக்கு. உங்கள் தவளைக்கு மூன்றிலும் இடமில்லை. எவ்வளவு நல்ல ப்ரொபோசலாக இருந்தாலும் முதல் சுற்றிலேயே ஒதுக்கிவிடுவார்கள்.

என் தலைப்பு மிகச் சின்னது என்று கைடு சொல்கிறார்.

எனக்குச் சின்னதுதான் பிடிக்கும். ‘தமிழகத்தின் நீர்ப்பறவைகள்’ என்று வந்த விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். ஆறு மாதத்தில் அதை யாராலும் செய்ய முடியாது. ஒருமுறை ஒரு மாணவி, தன் ஊர்க் குளத்தில் கருவேல மரங்களை வெட்டிய பிறகு நத்தைகுத்தி நாரைகள் எங்கே கூடு கட்டுகின்றன என்று மட்டும் கேட்டிருந்தாள். கையால் வரைந்த குளத்தின் படம், வெட்டுப்பட்ட ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு பெருக்கல் குறி, எஞ்சிய பதினொரு மரங்களுக்கு எண். பட்ஜெட்டில் டவுன் பஸ் கட்டணம், பழைய பைனாகுலர், இரண்டு நோட்டு. அதைப் படித்ததுமே இந்தப் பெண் வேலையை முடிப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. முடித்தாள்.

சரணாலயத்துக்குள் வேலை செய்ய என்ன வேண்டும்?

தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி. போனஃபைட் சான்றிதழும் கைடின் கடிதமும் சேர்த்து, பணம் வருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். தாமதமானால் பருவம் போய்விடும்.

நான் தேடிய பறவை இந்த ஆண்டு வரவே இல்லை. அறிக்கையில் என்ன எழுத? பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. வரவில்லை என்றே எழுதுங்கள். எத்தனை நாள், எத்தனை மணி நேரம், எங்கே நின்று பார்த்தீர்கள் என்று சேர்த்து எழுதுங்கள். அடுத்து அங்கே போகிறவருக்கு அதுவும் தகவல்தான். மறைத்தால்தான் தவறு.

1913-இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை தந்தது. பட்டமே இல்லாதவருக்கு! மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. அவரும் மூன்று அறிக்கைகள் கொடுத்தார். மூன்றாவதைக் கொடுத்த 1914 மார்ச்சிலேயே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். அந்த அறிக்கைகளைக் கணிதம் படிப்பவர்கள் இன்றும் படிக்கிறார்கள். உங்கள் களக்குறிப்பு நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் நாள் தேதியிலிருந்து தொடங்குங்கள்.