டர்பனில் வீட்டுக்கு எந்த பிராட்பேண்ட் வாங்கினால் கொடுக்கிற காசுக்குத் தகும்?

"தமிழ்நாட்டிலிருந்து டர்பனுக்குப் புதிதாக வந்திருக்கிறோம், வாடகை வீடு, எந்தக் கம்பெனி இன்டர்நெட் மலிவு?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2011-ல் வந்தபோது இதே கேள்வியைத் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டு, ஆளுக்கொரு பதில் வாங்கி, கடைசியில் தப்பான இடத்தில் போய் மாட்டினேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் வயர் இழுக்கிறவரும் மாசக் காசு வாங்குகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள். இங்கே ஃபைபரில் (ஒளி வழியாக இணைப்பைக் கொண்டுவரும் கண்ணாடி இழைக் கேபிள்) அப்படி இல்லை. தெருவில் கேபிள் போட்டு அதற்குச் சொந்தக்காரராக இருப்பது ஒருவர்: ஓப்பன்சர்வ், வூமாடெல், ஃப்ராக்ஃபுட், மெட்ரோஃபைபர் மாதிரி. அந்தக் கேபிள் மேல் இணைப்பை விற்பது வேறொருவர்: ஆஃப்ரிஹோஸ்ட், வெப்ஆப்பிரிக்கா, கூல் ஐடியாஸ், ஆக்ஸஸ், வாக்ஸ் என்று பெரிய பட்டியல் உண்டு. உங்கள் தெருவில் யாருடைய கேபிள் ஓடுகிறது என்பது உங்கள் கையில் இல்லை. அந்தக் கேபிளில் யாரிடம் வாங்குவது என்பது மட்டும்தான் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் "எந்தக் கம்பெனி நல்லது" என்று ஊர் முழுக்கக் கேட்பதை விட, விற்கிறவர்களின் தளத்தில் வீட்டு முகவரியைப் போட்டு எந்த கேபிள் இருக்கிறது என்று பாருங்கள். ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவர்கள் வந்து "எங்கள் தெருவில் ரெண்டு மூணு கேபிள் ஓடுது" என்பார்கள். இருக்கலாம், எங்கள் தெருவில் ஒன்றுதான்.

என் கதைக்கு வருகிறேன். நாங்கள் இருப்பது சாட்ஸ்வர்த்தில், க்ரோஃப்ட்டீன் பக்கம். சனிக்கிழமை காலையில் ஆன்லைனில் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். 14 பிள்ளைகள்; ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், லெனேஷியாவில் இருந்தெல்லாம் சேருகிறார்கள். 2022 ஏப்ரலில் தமிழ்ப் புத்தாண்டுக்கு ஒரு சின்ன நிகழ்ச்சி வைத்திருந்தோம். ஆறு வாரம் ஒத்திகை. ஏப்ரல் 11, 12-ல் அந்த வெள்ளம் வந்தது. டர்பனில் அப்போது இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள், வீடுகள் சரிவோடு போயின, எங்கள் பகுதிக்குப் பல நாள் குழாயில் தண்ணீர் இல்லை. அந்த நேரத்தில் இன்டர்நெட் இல்லை என்று நான் முறையிடவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு பெரிய அழிவில் கேபிள் அறுந்தால் யாரைக் குற்றம் சொல்ல முடியும்? நிகழ்ச்சியை ஒரு வாரம் தள்ளி வைத்தோம்.

வெள்ளத்துக்குப் பிறகு வந்த ரெண்டாவது சனிக்கிழமைக்கு முந்தைய சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. வாளியோடு வரிசையில் நிற்கிறேன், பக்கத்து வீட்டு ஆயா அவர் வராந்தாவில் உட்கார்ந்து பெர்த்தில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேசிக்கொண்டிருக்கிறார். (இங்கே பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருக்கு 78 வயது.) "லைன் வந்துட்டுதா ஆயா?" என்றேன். "புதன்கெழமையே வந்துட்டுதே கண்ணு, ஒனக்கு வரல?" என்றார்.

ஒரே கம்பம், ஒரே கேபிள். அவருக்கு விற்றது வேறு கம்பெனி, அவ்வளவுதான்.

வீட்டுக்குள் ஓடிப்போய்ச் சுவரில் இருக்கும் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைப் பார்த்தேன். ஃபைபர் வந்து முடிகிற பெட்டி அது, ஓஎன்டி என்பார்கள். அதில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை, கேபிள் எங்கோ அறுந்திருக்கிறது என்று அர்த்தம். வெள்ளத்துக்கு மறுநாள் அப்படித்தான் இருந்தது. இப்போது சிவப்பு இல்லை, பிஓஎன் விளக்கு அசையாமல் பச்சையாக எரிகிறது. கேபிள் சரியாகிவிட்டது! எனக்கு விற்ற கம்பெனிக்கு போன் போட்டால் "உங்க ஏரியாவுல ஃபைபர் அறுந்திருக்கு மேடம், வெயிட் பண்ணுங்க" என்கிறார்கள். விளக்கைப் படம் எடுத்து அனுப்பினேன். ரவுட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். கேபிள்காரரிடம் நேரே பேசலாம் என்று பார்த்தால், அவர்கள் வீட்டுக்காரர்களின் புகாரை எடுப்பதில்லை, விற்றவர் மூலமாகத்தான் வர வேண்டும். விற்றவரோ கேபிள்காரரைக் கை காட்டுகிறார். மொத்தம் 9 முறை போன் செய்தேன், ஒவ்வொரு முறையும் புது ஆள், புதுசாக முதலிலிருந்து கதை.

புத்தாண்டு நிகழ்ச்சியை ஆயாவின் சமையலறையில் இருந்து நடத்தினேன். அடுப்புக்குப் பக்கத்தில் மாவு டப்பா மேல் லேப்டாப், பின்னால் ஆயா சத்தம் வராமல் பருப்பைத் தாளிக்கப் பார்க்கிறார், டோங்காட்டிலிருந்து ஏழு வயசுப் பையன் தன் பாட்டை ஒரு சொல் விடாமல் பாடி முடித்ததும் ஆயா கரண்டியோடு வந்து கேமரா முன்னால் நின்று கை தட்டினார்.

மே மாதம் நான் கம்பெனியை மாற்றினேன். அதே கேபிள், அதே பெட்டி, வீட்டுக்கு ஆள் கூட வரவில்லை. ரெண்டு வேலை நாளில் வேலை செய்தது. புதுக் கம்பெனியில் பேசிய பெண்தான் சொன்னார், பழுது பார்த்தபோது எங்கள் இணைப்பை வேறு போர்ட்டுக்கு (கேபிளின் மறுமுனையைச் செருகுகிற இடம்) மாற்றியிருக்கிறார்கள், பழைய கம்பெனி தன் பக்கத்தில் அதைத் திருத்தவே இல்லை என்று. அதன் பிறகும் பழைய கம்பெனி ஒரு மாச நோட்டீஸ் காசும், "இலவசம்" என்று கொடுத்த ரவுட்டருக்குக் காசும் எடுத்துக்கொண்டது. பேரைச் சொல்ல மாட்டேன். அங்கே இப்போது நல்ல ஆட்கள் இருக்கலாம், நான் யாருக்கும் ஆள் பிடிக்கவும் இல்லை, யார் பிழைப்பையும் கெடுக்கவும் இல்லை.

ஆகவே மலிவு எது என்று பார்க்கும்போது மாச வாடகையில் 50 ராண்ட் குறைவதை மட்டும் பார்க்காதீர்கள். வாடகை வீடு என்கிறீர்கள், மாசா மாசம் புதுப்பிக்கிற பேக்கேஜாக எடுங்கள். "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்றால் எத்தனை மாசத்துக்குள் விலகினால் அந்தக் காசைத் திருப்பிக் கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் ஒரு வருஷம். ஏற்கெனவே ரெண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். 2008-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-வது பிரிவில், 20 வேலை நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்து விலகலாம் என்று இருக்கிறது. நியாயமான ஒரு தொகை அபராதம் கேட்பார்கள், மீதி மாசங்களின் முழு வாடகையையும் கேட்க முடியாது. வங்கிக் கணக்கிலிருந்து எடுக்க டெபிசெக் என்று போனில் அனுமதி கேட்டு வரும். தொகையைப் படித்த பிறகு சரி சொல்லுங்கள்.

அப்புறம் வேகம். எனக்கு முதலில் 200 எம்பிபிஎஸ் விற்றார்கள். இந்தப் பகுதி வீடுகளின் செங்கல் சுவரைத் தாண்டிப் படுக்கையறைக்கு வைஃபை 30 கூட வரவில்லை. இப்போது 50 இறக்க (டவுன்லோட்), 25 ஏற்ற (அப்லோட்). மூணு பேருக்குத் தாராளம், மாசம் கணிசமாக மிச்சம். ரவுட்டரை மட்டும் கூடத்தின் நடுவுக்கு நகர்த்தினோம். எல்லாரும் இறக்கும் வேகத்தையே கேட்கிறார்கள், ஏற்றும் வேகத்தைக் கேட்பதில்லை. வீட்டிலிருந்து வேலை, வகுப்பு, ஊரோடு வீடியோ எல்லாவற்றுக்கும் ஏற்றுவதுதான் முக்கியம். அது குறைந்தால்தான் பிள்ளைகள் "மேம், நீங்க ஃப்ரீஸ் ஆயிட்டீங்க" என்பார்கள்.

"எல்டிஇ டப்பா போதும்" என்று சிலர் சொல்வார்கள்; சிம் போட்டு மொபைல் சிக்னலில் ஓடுகிற ரவுட்டர் அது. அடிக்கடி வீடு மாறுகிறவர்களுக்குச் சரி. ஆனால் மொத்த ஜிபியில் எத்தனை நள்ளிரவுக்கு மேல் மட்டும் பயன்படும் என்று பாருங்கள், சில பேக்கேஜில் பாதி அப்படித்தான்.

ஊரில் இருக்கும் அம்மாவோடு பேசுவதற்கும் என்றால் விற்கிறவரிடம் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: வெளிநாட்டுக்குப் போகிற கடலடி கேபிள் கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் வைத்திருக்கிறார்களா? கிழக்குக் கரையின் சீகாம் கேபிள் டர்பனுக்கு வடக்கே ம்துன்சினியில் கரையேறுகிறது, 2009-லிருந்து. 2024 பிப்ரவரியில் செங்கடலில் அது அறுந்தது, மார்ச் 14-ல் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் நாலு கேபிள் அறுந்தது. ரெண்டு பக்கமும் வழி வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள்.

மின்வெட்டு 2023-ல் இருந்த மாதிரி இப்போது இல்லை. இருந்தாலும் 12 வோல்ட் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் கொடுங்கள். எங்களுக்கு இருப்பது மாதிரி ஜிபான் வகை ஃபைபரில் (ஒரே இழையைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுப்பது), தெருவில் ஒளியைப் பிரிக்கிற பெட்டிக்குக் கரன்ட் வேண்டியதில்லை. கேபிள்காரரின் எக்ஸ்சேஞ்சில் கரன்ட் இருந்தால் போதும், வீட்டில் ஓடும்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசில் கிடக்கிறது. இந்த வகுப்பு ஏன் ஆன்லைனில்? தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 6-வது பிரிவில் மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பேர் இருக்கிறது. என் மகளின் பள்ளியில் கேட்டேன், ஆசிரியர் இல்லை, பிள்ளைகள் போதாது என்று முடித்துவிட்டார்கள். அதை விட வருத்தம், நம் ஊரிலிருந்து புதிதாக வருகிற சிலர் இங்குள்ளவர்களைப் பார்த்து "இவங்களுக்குத் தமிழே வராது" என்று சிரிப்பது. 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து இங்கே வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டே கோயில் கட்டி, காவடி எடுத்து, இத்தனை தலைமுறை ஆயா, தாத்தா என்ற சொற்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் நாலு எழுத்து கற்றுக்கொள்ள அந்தப் பிள்ளைகள் வருகிறார்கள், அந்த ஒரு மணி நேரமும் லைன் இல்லாமல் போனால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

சரி. க்ரோஃப்ட்டீன், பேவ்யூ, சில்வர்க்ளென் பக்கம் வீடு பார்த்திருந்தால் தெருப் பேரை மட்டும் கீழே போடுங்கள், யாருடைய கேபிள் என்று பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை காலை 9 முதல் 10 வரை பதில் வராது.