பழைய புல்லட்டுக்கு எந்த அளவு டயர்?

கேள்வி: வண்டிப்பெரியாறு எஸ்டேட்டில் வேலை பார்த்த என் தந்தை 1974இல் வாங்கிய புல்லட் 350 இப்போது என்னிடம் இருக்கிறது. இரண்டு சக்கரங்களும் வண்டியோடு வந்தவையே. டயர்களின் பக்கவாட்டில் வெடிப்பு விட்டுவிட்டது. முன்னால் 100/90-19, பின்னால் 110/90-18 போட்டால் குமுளி மலைச்சாலையில் பிடிப்பும் கூடும், பார்க்கவும் கம்பீரமாக இருக்கும் என்கிறார் கம்பத்துக் கடைக்காரர் ஒருவர். பழைய அளவே சரி என்கிறார் எங்கள் ஊர் மெக்கானிக். எதை வாங்குவது? கம்பத்தில் வாங்கிய டயரில் குறை இருந்தால், கேரளத்தில் வசிக்கும் நான் எங்கே முறையிடுவது?

— ஒரு வாசகர், வண்டிப்பெரியாறு

பதில்: உங்கள் மெக்கானிக் சொல்வதே சரி. டயரின் அளவைத் தீர்மானிப்பது ரிம். வண்டியின் பெயரோ தோற்றமோ அல்ல. அந்தக் காலத்து புல்லட் 350க்கு முன்னும் பின்னும் 3.25-19 அளவு டயர்தான். இதில் 3.25 என்பது டயரின் அகலத்தையும் 19 என்பது ரிம்மின் விட்டத்தையும் அங்குலத்தில் குறிக்கின்றன. கடைக்காரர் சொன்ன 110/90-18 (இந்தப் புதிய அளவுமுறையில் 110 என்பது மில்லிமீட்டரில் அகலம், 90 என்பது அந்த அகலத்தில் டயரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 18 என்பது ரிம்மின் விட்டம்) 18 அங்குலப் பின் ரிம்முள்ள பிற்கால வண்டிகளுக்கானது. உங்கள் 19 அங்குல ரிம்மில் அது ஏறவே ஏறாது. அதைப் போட வேண்டுமானால் ரிம்மையும் ஸ்போக் கம்பிகளையும் மாற்றியாக வேண்டும். ஐம்பது ஆண்டுகளாகக் காப்பாற்றி வந்த அசல் சக்கரத்தை ஒரு டயருக்காக இழப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

100/90-19 அளவு விட்டத்தில் பொருந்தும், அகலத்தில் பொருந்தாது. பழைய ரிம்மில் துரு மறைக்காமல் இருந்தால் டபிள்யூ.எம்.2-19 என்ற முத்திரை தெரியும். டபிள்யூ.எம்.2 என்றால் உள் அகலம் 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீட்டர். முத்திரை அழிந்திருந்தால் டயரைக் கழற்றியபின், ரிம்மின் இரு விளிம்புகளின் உட்புறங்களுக்கு இடையே அளந்து பாருங்கள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்தால் கணக்குத் தவறிவிடும். 100/90 டயருக்குக் குறைந்தது 2.15 அங்குல ரிம் வேண்டும். அகலமான டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் அதன் இரு பக்கங்களும் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பிப் புடைத்து, சாலையைத் தொடும் பரப்பு குறைகிறது. கூடும் என்று அவர் சொன்ன பிடிப்பு, ஆடி மழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது உண்மையில் குறைந்துதான் போகும். கைப்பிடியும் மந்தமாகத் திரும்பும். உங்கள் முன் சக்கரத்துக்குப் புதிய அளவுமுறையில்தான் டயர் கிடைக்கிறது என்றால் 90/90-19 வாங்கலாம், 1.85 அங்குல ரிம்மில் அது பொருந்தும். பின்னால் சற்றுப் பெரிதாக வேண்டும் என்று தோன்றினால் 3.50-19 வரை போகலாம் (புல்லட் 500இன் பின் சக்கர அளவு அதுதான்). ஆனால் சங்கிலியும் மட்கார்டும் டயரில் உரசாமல் இருக்கின்றனவா என்று சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தபிறகே பணம் கொடுங்கள். என்னைக் கேட்டால் இரண்டுக்கும் 3.25-19தான்.

சட்டத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் வகுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்று கூறியது. வேறு அளவு சக்கரம் மாட்டினால், சோதனையில் நிறுத்தப்படும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர் அல்ல, நீங்கள்தான்.

வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும், நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கங்களையும் பாருங்கள். 3523 என்றிருந்தால் அது 2023ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்யப்பட்ட டயர். மெதுவாக விற்பனையாகும் அளவுகள் கடையின் மேல்தட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகிப்போகும். பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சரக்கை நான் வாங்குவதில்லை. முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்றாலும், சில டயர்களில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் தனித்தனி அம்புக்குறி இருக்கும். அதன்படியே மாட்டச் சொல்லுங்கள்.

டயரோடு புது டியூபும், ஸ்போக் நுனி டியூபைக் குத்தாமல் காக்கும் ரிம் டேப்பும் வாங்கிவிடுங்கள். உங்களுடையது போன்ற ஸ்போக் ரிம்மில் டியூப் இல்லாமல் காற்று நிற்காது. டியூப்லெஸ் என்று எழுதிய டயரானாலும் உள்ளே டியூப் போட்டே ஆக வேண்டும். மாட்டுவதற்கு முன் ரிம்மின் உட்புறத் துருவைத் தேய்த்தெடுத்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்போக் நுனிகளை அரத்தால் ராவச் சொல்லுங்கள். காற்றடித்தபிறகு, ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் அது உள்ளே புதைந்திருந்தால் டயர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். சில நாட்கள் ஓட்டியபின் டியூபின் வால்வு ஒருபக்கம் சாய்ந்து நின்றால் டயர் ரிம்மில் வழுக்குகிறது. வால்வின் அடிப்பகுதி கிழிவதற்குள் காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, மறுபடி மாட்டிவிடுங்கள்.

எங்கே முறையிடுவது என்று கேட்டிருந்தீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கம்பத்தில் வாங்கிய டயருக்காக நீங்கள் தேனிக்கு அலைய வேண்டியதில்லை. இடுக்கி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. குறை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து பாருங்கள். டயரின் அளவும் அந்த நான்கு இலக்கமும் பில்லில் எழுதப்பட்டிருந்தால்தான் இவையெல்லாம் பயன்படும். வெறும் "டயர் 1" என்று எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு கடையை விட்டு வராதீர்கள்.