நின்றுபோன பத்மினிக்கு முதல் நாளே சாவி போடாதீர்கள்

கேள்வி: “தாத்தாவின் பிரீமியர் பத்மினி ஒன்பது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. வீட்டில் ஒரு ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், ஜாக்கி இருக்கின்றன. மெக்கானிக் இல்லாமல் நானே ஸ்டார்ட் செய்ய முடியுமா?”

முடியும். நான் செய்திருக்கிறேன், அதுவும் இதே வண்டியில். என் மாமாவின் 1986 மாடல் பத்மினி, பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்பு வீட்டில், தேங்காய் மட்டை அடுக்கும் கொட்டகையில் பதினோரு வருடம் நின்றது. எலி, குளவி, சீட்டுக்கு அடியில் ஒரு முழுப் பாம்புச் சட்டை, எல்லாம் குடியிருந்த வண்டி. இன்று ஓடுகிறது. ஆனால் பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருப்பிப் பார்க்கும் ஆசையை மட்டும் நான்கு நாளைக்கு அடக்கிக்கொள்ளுங்கள்.

அந்த ஆசையால் அதற்கு முன்பே ஓர் இன்ஜினைக் கெடுத்தவன் நான். நண்பனின் அம்பாசடர், ஆறு வருடம் நின்றது. டிராக்டர் பேட்டரியைக் கழற்றிவந்து செல்ஃப் (இன்ஜினைச் சுழற்றிவிடும் மோட்டார்) அடித்தோம். ‘டக்’கென்று ஒரு சத்தம், அப்புறம் அமைதி. பிறகு பிரித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டரில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவோடு ஒட்டியிருந்திருக்கிறது. செல்ஃப் இழுத்த இழுப்பில் அது உடைந்து சுவரைக் கீறிவிட்டது. போரிங் (சிலிண்டர் சுவரைக் கடைந்து சீராக்குவது) வரைக்கும் செலவு. இன்ஜின் எந்த நிலையில் நின்றாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் வால்வு திறந்தே இருக்கும். அதன் வழியே ஈரக்காற்று போய் வரும். துரு பிடிப்பது பெரும்பாலும் அந்த ஒரு சிலிண்டரில்தான்.

அதனால் முதல் வேலை, சிலிண்டருக்குள் தீப்பொறி விடும் பிளக்குகளைக் கழற்றுவது. 21 எம்.எம். பிளக் ஸ்பேனர் வேண்டும். கழற்றும் முன் பிளக்கைச் சுற்றியுள்ள மண்ணை ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் உள்ளே விழும். நான்கு ஓட்டையிலும் பாதி டீசல், பாதி இன்ஜின் ஆயில் கலந்து இரண்டு மூடி அளவுக்கு ஊற்றிவிட்டு, ஓட்டைகளைத் துணியால் மூடி நாலு நாள் விடுங்கள். பத்மினி இத்தாலியின் ஃபியட் வம்சம் என்பதால் சாதாரண எம்.எம். ஸ்பேனர்களே போதும். அம்பாசடராக இருந்தால் இஞ்ச் ஸ்பேனர் தேடி அலைய வேண்டியிருக்கும்.

காத்திருக்கும் நாட்களில் மற்றதைப் பாருங்கள். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தால் எலி வளை இருக்கும், கட்டாயம் இருக்கும். சைலன்சர் வாயில் குளவிக்கூடு இருந்தால் குத்தி எடுங்கள். ஒயர்களை ஒவ்வொன்றாகக் கையால் வருடிப் பாருங்கள். எலி கடித்த இடம் கண்ணை விட விரலுக்குச் சீக்கிரம் தெரியும். பழைய ஆயிலை இறக்குங்கள். கறுப்பாக வந்தால் கவலையில்லை. பால் டீ நிறத்தில் வந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. இன்ஜின் தலைப்பகுதிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அப்போது ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவதே மரியாதை. நல்லதாக இருந்தால் 20 டபிள்யூ 40 ஆயில் ஊற்றுங்கள்.

ஐந்தாம் நாள், ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, நான்காவது கியரில் போட்டு, தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும், கியரில் இருப்பதால் இன்ஜினும் கூடவே சுற்றும். மாமா ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்தியிருந்தார், அதனால் பிரேக் ஒட்டிக்கொள்ளாமல் பிழைத்தோம். எங்கள் ஊரில் ஒரு பெரியவர், ஒரு காலத்தில் ஃபியட் மட்டுமே பார்த்த மெக்கானிக், வேலையை விட்டுவிட்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் அசையவில்லை என்றதும் நான் கம்பியைப் போட்டு நெம்பப் போனேன். “கண்ணு, அவசரப்படாத. முன்னால கொஞ்சம், பின்னால கொஞ்சம், ஆட்டிக்கிட்டே இரு. அதுவா விடும்” என்றார். கால் மணி நேரம் ஆட்டினேன். ஒரு தடவை மெல்ல நழுவியது, அடுத்த தடவை முழுச் சுற்று போனது. “இப்ப பிளக் ஓட்டையில விரல வெச்சுப் பாரு” என்றார். என் பையனைச் சுற்றச் சொல்லி விரல் வைத்தேன். நான்கிலும் காற்று விரலைத் தள்ளியது. அதற்கு மேல் சிலிண்டர் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் மீட்டர் எதற்கு?

இதற்குப் பிறகுதான் பேட்டரி. பிளக் மாட்டாமலேயே செல்ஃபை விட்டுவிட்டு அடியுங்கள், ஆயில் விளக்கு அணையும் வரை. பல வருடம் காய்ந்த பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேர வேண்டுமல்லவா.

அடுத்தது ஸ்பார்க். நின்றுபோன பழைய வண்டிகளில் பாதி இங்கேதான் படுத்திருக்கும். பிளக்கை ஒயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் படும்படி வைத்துச் செல்ஃப் அடித்தால் பொறி விழ வேண்டும், எங்களுக்கு ஒன்றுமே இல்லை. நான்கு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றினோம். உள்ளே திறந்து மூடி ஸ்பார்க்கைத் தூண்டும் பாயிண்ட் இரண்டும் சேரும் இடத்தில் சாம்பல் நிறத்தில் பூத்திருந்தது. பார்வைக்கு ஒன்றுமில்லாத அந்தப் படலம் போதும், கரண்ட் தாண்டாது. தீப்பெட்டிப் பக்கத்தால் லேசாகத் தேய்த்து, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்துத் துடைத்தேன். பாயிண்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி 0.4 எம்.எம்.முக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விலை அதிகமில்லை, வாங்கிவிடுங்கள். பிளக் இடைவெளிக்கு ஹாக்ஸா பிளேடு தடிமன் சரியாக இருக்கும். மறுபடி அடித்தோம். ஸ்பார்க் வந்தது, ஆனால் மஞ்சளாக, சோகையாக. பெரியவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. “கண்டன்சர மாத்து” என்றார். பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் சின்ன டப்பா அது, 80 ரூபாய். மாற்றியதும் கொட்டகை இருட்டில் நீலமாக ‘சட் சட்’டென்று விழுந்தது. எனக்கு இந்த வேலை முழுக்கப் பிடித்த நிமிடம் எது என்று கேட்டால் அதுதான். இன்ஜின் ஓடியதுகூட அதற்கு அடுத்துதான்.

பெட்ரோல் விஷயத்தில் டேங்கை நம்பவே நம்பாதீர்கள். பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி நாறும், அடியில் துரு மிதக்கும். அதை இன்ஜினுக்கு விட்டால், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் ஜெட் (பெட்ரோல் வரும் நுண்துளை) அடைத்துக்கொண்டே இருக்கும். நாங்கள் ஒரு பைக் கடையில் ஆர்.எக்ஸ். 100 டேங்க் ஒன்றை டேப்போடு இரவல் வாங்கி, சாக்கை மடித்துக் கூரைமேல் வைத்து, புது ஹோஸில் நேரே கார்புரேட்டருக்கு விட்டோம். பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் டயாப்ரம் படலம் காய்ந்து கிழிந்திருந்தாலும் அன்றைக்கு அது தேவைப்படாது. கார்புரேட்டரை முன்பே கழற்றி, ஜெட்களை எடுத்து ஊதிச் சுத்தம் செய்திருக்க வேண்டும். ஜெட்டுக்குள் கம்பி விடாதீர்கள், ஓட்டை பெரிதாகிவிடும். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும். வேடிக்கை பார்க்க வருபவர்களின் பீடியை வாசலிலேயே அணைக்கச் சொல்லுங்கள். இது விளையாட்டில்லை.

மூன்றாவது முயற்சியில் பிடித்தது. ஊற்றிய ஆயில் எரிந்து கொட்டகை முழுக்க வெள்ளைப் புகை, சைலன்சரிலிருந்து தேங்காய் நார்த் துண்டுகள். மாமா திண்ணையிலிருந்து எழுந்து வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

இங்கேதான் பலரும் ஏறி உட்கார்ந்து கிளம்பிவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இன்ஜினுக்கு எனக்கு ஆறு நாள் ஆனது, பிரேக்குக்கு மூன்று வாரம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், அதனால் சக்கரத்தில் பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மிதித்தால் ஒன்று இறங்காது, அல்லது இறங்கியது திரும்பாது. நான்கு டிரம்மையும் கழற்றி, சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக் லைன் ஒரே சர்க்யூட். ஓர் இடத்தில் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. டயர் பட்டன் (தரையில் படும் மேடுகள்) எவ்வளவு இருந்தாலும், பக்கச்சுவரில் வெடிப்பு இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

உதிரிபாகத்துக்கு நீங்கள் சென்னை என்றால் புதுப்பேட்டை, கோவை என்றால் உக்கடம். மும்பையில் கறுப்பு மஞ்சள் டாக்ஸியாக ஓடிய கடைசிப் பத்மினியும் 2023 அக்டோபரில் ஓய்ந்துவிட்டதால், கிடைப்பதைக் கிடைக்கும்போதே இரண்டாக வாங்கி வைப்பது என் பழக்கம்.

ஆர்.சி.யையும் (பதிவுச் சான்றிதழ்) தேடி எடுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம், அப்புறம் ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025இல் 10,000. இதில் பசுமை வரி தனி. மெக்கானிக் கூலியை மிச்சம் பிடித்துவிட்டோம் என்று சந்தோஷப்படும் நேரத்தில் இது வந்து நிற்கும்.

உங்கள் வண்டி 2000க்குப் பிந்தைய எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும்) காராக இருந்திருந்தால் நான் இவ்வளவு தைரியம் சொல்லியிருக்க மாட்டேன். பத்மினியில் வால்வு டைமிங்குக்குச் செயின், கார்புரேட்டர், பாயிண்ட். எல்லாம் கண்ணுக்குத் தெரியும் சமாச்சாரம்.

சரி, இன்று சாயங்காலமே பிளக்கைக் கழற்றி ஆயில் ஊற்றிவிடுங்கள். கழற்றிய நான்கு பிளக்கையும் அதே வரிசையில் ஒரு பேப்பரில் வைத்துப் படம் எடுத்து இங்கே கருத்தில் போடுங்கள். எந்த சிலிண்டர் துரு என்று பார்த்துச் சொல்கிறேன்.