"என்னை நம்ம கொல்லையிலேயே புதைச்சிடுங்க"

கேள்வி: பண்ருட்டி பக்கத்துக் கிராமம். தன்னை முந்திரிக் கொல்லையிலேயே புதைக்க வேண்டும், உயிலிலும் எழுதி வைக்கிறேன் என்கிறார் 78 வயது அப்பா. அண்ணனோ எரிப்பதுதான் நம் வழக்கம் என்கிறார். பேச்செடுத்தாலே அம்மா அழுகிறார். உயிலில் எழுதினால் போதுமா? மகள் நான் கொள்ளி வைக்கலாமா?

பதில்: போதாது, சகோதரி. உயில் சொத்துக்கான பத்திரம். இறந்தவர் உடல் யாருடைய சொத்தும் இல்லை. அடக்கம் பற்றி அதில் எழுதுவதைப் பிள்ளைகள் மதிக்கலாம். கோர்ட் மூலம் கட்டாயப்படுத்துவது கடினம். தவிர, நம் பக்கத்தில் உயிலைப் பெட்டியிலிருந்து எடுப்பதே கருமாதி முடிந்த பிறகுதானே!

அடுத்து, கொல்லை. பட்டா அப்பா பெயரிலேயே இருந்தாலும், கிராம ஊராட்சிகளுக்கான 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி, மயானமாகப் பதிவாகாத, உரிமம் இல்லாத இடத்தில் புதைக்கக் கூடாது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வும் இதையே சொல்லியிருக்கிறது. 'ஊரில் எத்தனையோ பேர் புதைத்திருக்கிறார்களே' என்பீர்கள். யாரும் மனு போடாதவரை ஓடும். போட்டால், தோண்டி எடுக்கச் சொல்லி உத்தரவு வரலாம்.

அப்பாவிடம் 'முடியாது' என்று ஆரம்பிக்காதீர்கள். ஏன் கொல்லை என்று கேளுங்கள். தன் காலத்துக்குப் பிறகு பிள்ளைகள் நிலத்தை விற்றுவிடுவார்கள் என்ற பயம் பல பெரியவர்களுக்கு உண்டு. சமாதி இருந்தால் வாங்க ஆள் வராது என்ற கணக்கு. அதுதான் காரணம் என்றால், நிலம் அவர் சுயமாகச் சம்பாதித்ததாக இருந்தால், அம்மாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை, பிறகு யாருக்கு என்று உயிலில் எழுதட்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். மண் மேல் உள்ள பாசம்தான் என்றால், தகனம் செய்து அஸ்தியில் ஒரு பிடியைக் கொல்லையில் இட்டு, மீதியைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைக்கலாம். அண்ணனும் இதற்கு இறங்கி வரக்கூடும்.

மகள் கொள்ளி வைக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஊர் வாய் வேறு விஷயம். அதனால் அப்பாவே இப்போது சொந்தக்காரர்கள் முன் சொல்லிவிட்டால் நல்லது.

அப்புறம் செலவு. நியாயமான ஈமச் செலவை, மற்ற கடன்களுக்கு முன்பாக, இறந்தவரின் சொத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 320. யார் செலவு செய்தாலும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள். அப்பா போன பிறகு அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுக்க வேண்டாம். பாகப்பிரிவினையின்போது அதை வைத்தே சண்டை வரும்.

அம்மாவை விட்டுவிட்டுப் பேசாதீர்கள். அவரும் உட்கார்ந்திருக்கும்போது முடிவானதை அப்பா தன் கையால் ஒரு தாளில் எழுதி, நீங்களும் அண்ணனும் ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.