காட்டுப்பூ வெளிகளைப் படமெடுக்க யாரிடம், எதைக் கற்றேன்?

நீலக்குறிஞ்சி மீண்டும் பூப்பதற்குள் பூவெளிகளைப் படமெடுக்கப் பழகிவிட வேண்டும், அதற்குப் பெரிய ஒளிப்படக் கலைஞர்களின் படங்களைப் பார்த்து எப்படிக் கற்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூணாறு மலைகளில் 2018-இல் பூத்த குறிஞ்சி, 12 ஆண்டுக் கணக்குப்படி 2030-இல் பூக்க வேண்டும். ஆனால் பழகும் இடம் ஆண்டுதோறும் பூக்கும் இடமாக இருந்தால்தான், சென்ற ஆண்டு செய்த பிழையை இந்த ஆண்டு திருத்திக்கொள்ள முடியும். எனக்கு வாய்த்த இடம் மகாராஷ்டிரத்தின் காஸ் பீடபூமி. வேலை புனேயில் என்பதால் ஐந்து ஆண்டுகளாகச் செப்டம்பரில் அங்கே போய்வருகிறேன்.

சதாரா நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 1,200 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது அந்தப் பாறைவெளி. 2012-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் அதுவும் ஒன்று. லேட்டரைட் என்னும் செம்பாறாங்கல்லின் மேல் மண் மெல்லிய போர்வையாகத்தான் படிந்திருக்கிறது. மரம் வேர்விட அங்கே ஆழமில்லை. மழைக்காலத்தில் அந்த மண்ணில் நீர் தேங்கி நிற்க, ஊதா நிற யூட்ரிகுலேரியாவும், இளஞ்சிவப்புத் தேரடாவும், மஞ்சள் சோன்கியும், வெள்ளைப் பொத்தான்களைப் போன்ற கேந்தும் அடுத்தடுத்துப் பூக்கின்றன. யூட்ரிகுலேரியாவை அங்குள்ளவர்கள் சீதையின் கண்ணீர் என்கிறார்கள். சத்துக் குறைந்த மண்ணில் பிழைப்பதற்காகச் சிற்றுயிர்களைப் பிடித்துண்ணும் செடி அது.

முதலாண்டில் நான் எடுத்த முந்நூறு படங்களில் ஒன்றுகூடத் தேறவில்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பூவாக இருந்த இடம், படத்தில் வெளுத்த வானத்துக்கும் பச்சைத் தரைக்கும் நடுவே ஓர் ஊதாக் கீற்றாகத்தான் வந்திருந்தது. விரல் நகத்தளவே உள்ள பூவை, நின்ற உயரத்திலிருந்து அகலக் கோண லென்ஸால் எடுத்தால் அப்படித்தான் வரும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. பூ போதவில்லை, வெளிச்சம் போதவில்லை, கேமரா போதவில்லை என்றெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆண்டுதான் அமெரிக்க நிலக்காட்சிக் கலைஞர் டேவிட் மியூன்ச்சின் படங்களை ஊன்றிப் பார்க்கத் தொடங்கினேன். 1936-இல் பிறந்த அவர் ஒளிப்படக் கலைஞரின் மகன். பாலைவனங்களையும் மலைகளையும் 4×5 அங்குல ஃபிலிம் கேமராவில் எடுத்தவர். ஒரு பூவோ கல்லோ படத்தின் அடிப்பகுதியில் கைக்கெட்டும் அண்மையில் நிற்கும். அதன் பின்னே நிலம் விரிந்து விரிந்து தொலைவிலுள்ள மலையில் போய் முடியும். இரண்டும் ஒரே கூர்மையோடு தெரியும். அந்தப் படங்களின்மேல் வரைதாளை வைத்து, அடிவானம் எங்கே இருக்கிறது, அண்மைப் பூ எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்கிறது, கண் எந்த வழியாக மேலே ஏறுகிறது என்று பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தேன். நிறத்தை நீக்கிவிட்டுக் கோட்டை மட்டும் பார்த்தபோது ஒன்று விளங்கியது: அந்தக் கேமரா தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில்தான் இருந்திருக்க வேண்டும்.

மறு ஆண்டு முக்காலியின் கால்களை முழுவதும் விரித்துத் தாழ்த்தி அப்படியே முயன்றேன். அமைப்பு வந்தது, கூர்மை வரவில்லை. முழுச்சட்ட (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 24 மில்லிமீட்டர் லென்ஸின் ஒளித்துளையை எஃப்/11-இல் வைத்து 1.75 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறத்தாழ 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரைதான் தெளிவாக இருக்கும். என் பூவோ 30 சென்டிமீட்டரில் இருந்தது. துளையை எஃப்/22-க்குச் சுருக்கினால் ஒளி வளைந்து படம் முழுவதும் சற்றே மழுங்குகிறது. அவருக்கு மட்டும் எப்படி முடிந்தது என்று தேடியபோதுதான், அவ்வகைக் கேமராவில் லென்ஸை முன்பக்கமாகச் சாய்க்க முடியும் என்பதும், சாய்த்தால் கூர்மையாகப் பதியும் பகுதியான தெளிவுத் தளம் செங்குத்தாக நிற்காமல் தரையோடு படுத்து, காலடிப் பூவிலிருந்து தொலைவு மலை வரை நீள்கிறது என்பதும் தெரிய வந்தது. நீங்கள் கேட்ட கேள்விக்கு என் விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. அவர் எதை எடுத்தார் என்று பார்ப்பதைவிட, அங்கே அவருக்கு முன்னால் இருந்த சிக்கல் எது, அதை எதைக் கொண்டு கடந்தார் என்று கேளுங்கள். சிக்கல் உங்களுக்கும் அதுவேதான், கருவிதான் வேறு.

சாயும் லென்ஸ் என்னிடம் இல்லை. ஆகவே அண்மை, நடு, தொலைவு என்று ஃபோகஸை நகர்த்தி நான்கைந்து படங்கள் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்குகிறேன். அதற்குப் பூக்கள் அசையாமல் இருக்க வேண்டும். காஸில் காற்று ஓய்வது அரிது. மூன்றாம் ஆண்டு ஒரு காலையில், காற்று வரும் பக்கமாகக் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, ஒரே தண்டில் நின்ற மூன்று பூக்களின் முன் நெடுநேரம் காத்திருந்தேன். முன்பூவின் கீழுதட்டில் வெளிறிய ஒரு திட்டு. அதன் நுனியில் ஒரு மழைத்துளி. காற்று நின்ற பிறகும் துளியின் கனத்தால் பூ தலையாட்டிக்கொண்டே இருந்தது. துளி விழுந்தது, தண்டு ஒருமுறை மேலெழும்பி நின்றது, பொத்தானை அழுத்தினேன். அண்மைப் பூவுக்கு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவை 800-க்கு உயர்த்தி 1/125 நொடி. அசைவு தெரியாத தொலைவுக்கு ஐஎஸ்ஓ 100-இல், அதே அளவு ஒளி கிடைக்கும்படி மெதுவான ஷட்டர். நான் மனநிறைவோடு பிறருக்குக் காட்டும் முதல் பூவெளிப் படம் அதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தந்தவர் எலியட் போர்ட்டர். 1901-இல் பிறந்து 1990-இல் மறைந்த அவர், ஹார்வர்டில் மருத்துவம் படித்து, ஆய்வும் கற்பித்தலுமாக இருந்து, பிறகு அதை விட்டுவிட்டு ஒளிப்படத்துக்கு வந்தவர். கறுப்பு வெள்ளையே கலை என்று கருதப்பட்ட காலத்தில் இயற்கையை வண்ணத்தில் எடுத்து, சாயத்தை நிறம் நிறமாகத் தாளுக்கு மாற்றும் கடினமான முறையில் தம் படங்களைத் தாமே அச்சிட்டார். அவருடைய படங்கள் பலவற்றில் வானமே இல்லை. நேர் வெயிலும் இல்லை. மேகம் மூடிய வானம் பெரிய வெண்திரை போல எல்லாப் பக்கமிருந்தும் ஒளியை இறக்குவதால், இதழின் நிழல் இதழின்மேல் விழாமல் நிறம் முழுமையாக நிற்கிறது. மழை மூட்டத்தைக் கண்டு சலித்துக்கொண்டிருந்த நான், அவரைப் பார்த்த பிறகு அந்த மூட்டத்துக்காகவே புறப்படுகிறேன். ஈர இலைகளின் வெண்மினுக்கத்தை மட்டும் போலரைசர் ஃபில்டரைச் சுழற்றி அகற்றிவிட்டால் பச்சை ஆழம் பெறும்.

மஞ்சள் பூக்களில் ஓர் எச்சரிக்கை. படத்தின் ஒளி அளவுகளைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமின் பொதுக்கோடு ஒழுங்காகத் தெரிந்தாலும், சிவப்பு அலைவரிசை மட்டும் வரம்பு கடந்து, சோன்கியின் இதழ்கள் வரியோ மடிப்போ இல்லாத மஞ்சள் அப்பலாகிவிடும். மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டும்படி ஹிஸ்டோகிராமை மாற்றி வைத்துக்கொண்டு, வேண்டிய அளவு ஒளியைக் குறைத்து, கேமரா சுருக்காமல் பதியும் ரா (RAW) கோப்பாக எடுங்கள்.

தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவைத் தாழ்த்தும்போது நம் உடலும் தாழ்கிறது. ஒருமுறை முழங்காலை எடுத்தபோது, அது ஊன்றியிருந்த இடத்தில் பூச்சிகளைப் பிடித்துண்ணும் செந்நிறமான ட்ரோசெராச் செடியொன்று நசுங்கிக் கிடந்தது. அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. அதன்பின் பாதை ஓரத்தையும் வெறும் பாறையையும் விட்டு நான் உள்ளே இறங்குவதில்லை. பாதை ஓரத்தில் கிடைக்கும் பூவுக்கு ஏற்பவே படத்தை அமைத்துக்கொள்கிறேன். காஸில் வருவோர் எண்ணிக்கைக்கு வரம்பும் முன்பதிவும் வைத்திருப்பது நியாயம் என்றே கருதுகிறேன்.

குறிஞ்சிக்குப் போகும்போது இவற்றை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். காஸ் சமதளமான வெளி; குறிஞ்சியோ மலைச்சரிவில் நிற்கும் புதர். எதிர்ச் சரிவில் நின்று பார்த்தால் பூத்த நிலம் முழுவதும் உங்களை நோக்கி நிமிர்ந்திருக்கும். தொலைவில் இருப்பதால் தெளிவுத் தளத்தைப் பற்றிய கவலையே எழாது. 100 அல்லது 200 மில்லிமீட்டர் லென்ஸால் வானத்தை விலக்கி, புதர்களின் வரிசையை மட்டும் எடுக்கலாம். அங்கே மியூன்ச்சைவிடப் போர்ட்டர்தான் உங்களுக்கு உதவுவார். சரிவின் உள்ளே நிற்கும் வாய்ப்புக் கிடைத்தால், கேமராவைப் புதரின் தலைக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் முன்புதரின் இலைகள் மலையையே மறைத்துவிடும்.