புரோக்கர் சொன்ன 90 நாள்

கேள்வி: இரண்டு மாதத்துக்கு முன் புரோக்கர் மூலம் பழைய ஆல்டோ 800 வாங்கினேன். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் முடிந்து 20 நாள் ஆகிறது. “90 நாள் டைம் இருக்கு, அதுவரை ஓட்டலாம். பழைய ஓனர் பேர்லயே புதுப்பிச்சா பாதி காசு மிச்சம், நானே போட்டுத் தர்றேன்” என்கிறார் புரோக்கர். ஓட்டலாமா? போலீஸ் பிடித்தால் எவ்வளவு அபராதம்?
(திருப்பூர் வாசகர்)

பதில்: ஓட்டாதீர்கள். காரைத் தெருவில்கூட விடாமல் காம்பவுண்டுக்குள் நிறுத்துங்கள்.

அபராதம் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடி பிடிபட்டால் 4,000. மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. எல்லோரும் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். விபத்து வழக்குகளே பார்க்கும் எனக்கு இந்த 2,000 ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கார் இடித்து ஒருவருக்குக் கால் போனால் நஷ்டஈடு பல லட்சம் ஆகும். இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கட்டும். இல்லாவிட்டால் ஓட்டிய நீங்களும், ஆர்.சி.யில் பெயர் உள்ள பழைய ஓனரும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் நிலவரி பாக்கியைப் போலக் கலெக்டர் வழியாக வசூலிப்பார்கள். “வித்துட்டேன் சார்” என்று பழைய ஓனர் சொன்னாலும் எடுபடாது. ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

அந்த 90 நாள் விஷயத்துக்கு வருகிறேன். கிளெய்ம் வாங்காமல் ஓட்டியவருக்குச் சொந்த சேத பிரீமியத்தில், அதாவது தன் காருக்கு ஏற்படும் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில், 20 முதல் 50 சதவீதம் வரை போனஸ் தள்ளுபடி உண்டு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பித்தால் அது தங்கும். அவ்வளவுதான். காப்பீடு என்னவோ, முடிவு தேதி நள்ளிரவோடு போயிற்று. அந்தத் தள்ளுபடியும் பழைய ஓனர் சம்பாதித்தது. அது ஆளோடு போகும், காரோடு வராது. அவர் பெயரில் அதை வாங்கிக்கொண்டு ஓட்டி, நாளைக்குக் கார் நசுங்கினால், விற்றது எப்போது என்றுதான் சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் கேட்பார். கிளெய்ம் அங்கேயே விழும்.

ஒரு விதிவிலக்கு இருக்கிறது. இதைப் பாதி மட்டும் கேட்டுவிட்டு வந்து என்னோடு சண்டை போடுகிறவர்கள் அதிகம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 157-வது பிரிவின்படி, வண்டி கைமாறினால் அதன் பாலிசியும் வாங்கியவருக்கு மாறியதாகவே கொள்ள வேண்டும். அப்படியானால் நீங்கள் கார் வாங்கிய நாளிலிருந்து பாலிசி முடிந்த நாள்வரை, பெயர் மாற்றாமலே ஓட்டியிருந்தாலும், நீங்கள் இடித்த மூன்றாம் நபருக்குக் கம்பெனி பணம் கொடுத்தாக வேண்டும். 14 நாளுக்குள் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. தெரிவிக்காவிட்டாலும் இடிபட்டவரின் உரிமை போகாது. ஆனால் இது மூன்றாம் நபருக்கு மட்டும். உங்கள் காரின் பம்பருக்கு இது பொருந்தாது. அதோடு, உயிரோடு இருக்கும் பாலிசிதான் மாறும். முடிந்துபோன பாலிசியில் மாறுவதற்கு என்ன இருக்கிறது?

அடுத்தது, ‘நானே போட்டுத் தர்றேன்.’ ஒருவர் என்னிடம் கலர் பிரிண்ட் எடுத்த பாலிசி ஒன்றைக் கொண்டுவந்தார். முத்திரை, லோகோ எல்லாம் பளபளவென்று இருந்தது. கியூஆர் குறியீட்டை என் போனில் ஸ்கேன் செய்தால் வந்தது ஒரு டூவீலர் பாலிசி! மலிவான டூவீலர் பிரீமியத்தைக் கட்டி, பிடிஎஃப்பில் கார் என்று திருத்தி, கார் பிரீமியத்தை வசூலித்திருக்கிறார் ஏஜெண்ட். அதனால் அரசின் எம்பரிவாகன் செயலியில் உங்கள் வண்டி எண்ணைப் போட்டு, இன்சூரன்ஸ் தேதி ஏறியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஆர்.சி. மாற்ற நடப்பு இன்சூரன்ஸ் வேண்டும் என்பார் ஆர்.டி.ஓ. ஆபீஸ் கிளார்க். ஆர்.சி. உங்கள் பெயரில் இல்லையே என்பார் இன்சூரன்ஸ் கிளார்க். இரண்டு பேரும் ஒரே சட்டத்தைத்தான் படித்திருக்கிறார்கள், கேட்டால் மட்டும் ஒருவரை ஒருவர் கை காட்டுவார்கள். இப்படி அலையவிட்டால் ஜனங்கள் புரோக்கரிடம் போகாமல் வேறெங்கே போவார்கள்?

வழி இதுதான். கம்பெனியிடம் கார் கைமாறியதை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, மூன்றாம் நபர் பாலிசி மட்டும் முதலில் எடுங்கள். ஆர்.சி. பெயரில்தான் தருவோம் என்றால் பழைய ஓனரின் சம்மதத்தோடு அவர் பெயரிலேயே இருக்கட்டும். ஆயிரம் சிசிக்கு உட்பட்ட காருக்கு 2022-ல் நிர்ணயித்த கட்டணம் 2,094 ரூபாய், ஜிஎஸ்டி தனி. இதில் போனஸ் தள்ளுபடி கிடையாது, ஆகவே தில்லுமுல்லுக்கும் இடமில்லை. பாலிசியில் தொடங்கும் தேதியையும் நேரத்தையும் பார்த்துவிட்டுச் சாவியை எடுங்கள். காசு கட்டிய நிமிடமே காப்பீடு தொடங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். அந்தப் பாலிசியை வைத்து ஆர்.சி. மாற்றத்துக்கு விண்ணப்பித்து, பாலிசியையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். சொந்த சேதக் காப்பீடு அதன் பிறகு, காரைப் பரிசோதித்துத் தருவார்கள்.

விண்ணப்பத்துக்குப் பழைய ஓனர் கையெழுத்திட்ட 29, 30-ஆம் படிவங்கள் தேவை. அநேகமாக அவை இன்னும் புரோக்கர் மேஜை டிராயரில்தான் கிடக்கும். பஸ்ஸிலேயே போய் வாங்கி வாருங்கள்.